கேசட்டுகளைக் கணினிக் கோப்பாக மாற்றித் தரும் ஒரு கடை

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றின் மாடியில், பழைய கேசட்டுகளில் உள்ளதைக் கணினிக் கோப்பாக மாற்றிப் பென்டிரைவில் தருகிறார்கள். அறுபது நிமிடக் கேசட்டுக்கு 250 ரூபாய், தொண்ணூறுக்கு 350 ரூபாய். எந்தப் பாட்டும் கைபேசியில் கிடைக்கும்போது இது வீண்செலவு என்றாள் என் மகள். பாட்டு மட்டும் வேண்டுபவர்களுக்கு அது சரியான கணக்குதான்.

நான் கொண்டுபோனவை 1980களின் பிற்பகுதியில் கும்பகோணத்தில் பதிவுசெய்தவை. வெற்று டிடிகே கேசட் ஒன்றை வாங்கி, வேண்டிய பாடல்களை நோட்டுத்தாளில் வரிசையாக எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டுச் சில நாள் காத்திருப்பது அன்றைய கல்லூரிப் பையன்களின் வழக்கம். இளையராஜாவின் பாடல்கள் மாதந்தோறும் குவிந்துகொண்டிருக்க, ஒரு பக்கத்தின் முப்பது நிமிடத்தில் ஆறேழு பாடல்களே அடங்கும். நேரில் பேசத் துணியாதவர்கள் அந்த வரிசையை வைத்தே பேசிவிட எண்ணி, எதை முதலில் வைப்பது, சோகப் பாட்டை எங்கே நுழைப்பது, கடைசிப் பாட்டு பாதியில் அறுபடாமல் எப்படி முடிப்பது என்று இரவெல்லாம் திட்டமிட்டார்கள். திருவிடைமருதூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஒருத்திக்காக நான் பதிவுசெய்ததும் இந்தக் கேசட் கட்டுக்குள் இருந்தது. பெயரின் முதலெழுத்துக்கூட இல்லாமல், அட்டையில் ‘கலவை – 3’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அவளுக்குத் திருமணமான செய்தி வந்தபோதும் அது என் பையில்தான் இருந்தது.

கடைக்காரர் வேலை தெரிந்தவர். ஒவ்வொரு கேசட்டையும் ஓட்டுவதற்கு முன் டெக்கில் நாடாவின் ஒலியை எடுக்கும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கிறார். நாடாவை முழுவதுமாக ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றுகிறார். பிறகு ஹெட்டின் சாய்வைத் தீர்மானிக்கும் திருகாணியைக் காதால் கேட்டபடியே சின்னத் திருப்புளியால் திருப்புகிறார். கம்பளிக்குள் இருந்து வந்ததுபோல் மங்கியிருந்த சலங்கை ஒலி, அரைத் திருகு திருகியதும் பளிச்சென்று வெளியே வந்தது. நாடாவை ஹெட்டோடு அழுத்தும் குட்டிப் பஞ்சுத் துண்டு ஒரு கேசட்டில் உதிர்ந்துபோயிருந்ததை, வேறொன்றிலிருந்து எடுத்து ஒட்டியதற்கு அவர் தனியாகக் காசு வாங்கவில்லை.

குறை ஒன்று உண்டு. கேட்காமலேயே மென்பொருளால் இரைச்சலை நீக்கி, பாடல் பாடலாக வெட்டிக் கொடுத்துவிட்டார். இரைச்சலோடு ஜானகியின் மூச்சும் போய்விட்டது. வெட்டியதில் போனது அதைவிடப் பெரிது. பல ஆண்டு சுற்றியபடியே கிடந்த நாடாவில் ஒரு சுற்றின் ஒலி பக்கத்துச் சுற்றில் இலேசாகப் படிந்துவிடுவதால், சில பாடல்கள் தொடங்குவதற்குச் சற்று முன்பே அவற்றின் நிழல் கேட்கும். அந்த இடைவெளியைத்தான் அவர் குப்பை என்று கழித்திருந்தார். நடுவயதைக் கடந்தவர்களுக்குப் பத்து முதல் முப்பது வயது வரையிலான நினைவுகளே அதிகம் மேலெழும் என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். அதே பாடல்களைக் கைபேசியில் எத்தனையோ முறை கேட்டும் எனக்கு அப்படி எதுவும் எழுந்ததில்லை. திரும்பச் செய்து தந்த, வெட்டாத கோப்பில், ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததின் முதல் வயலின் மனத்தில் தொடங்கிவிட, பேருந்தின் முன்பக்கக் கம்பியைப் பிடித்திருந்த கண்ணாடி வளையல் கையும், ‘இதைக் கேட்டுப் பாருங்கள்’ என்று சொல்ல மனப்பாடம் செய்துவைத்திருந்த ஒற்றை வாக்கியமும் கூடவே வந்தன.

மறுவேலைக்கு அவர் கட்டணம் கேட்கவில்லை. ஆனாலும் கொடுக்கும்போதே ‘வேவ் கோப்பு (ஒலியைச் சுருக்காதது), இரைச்சல் நீக்க வேண்டாம், பக்கத்துக்கு ஒரே கோப்பு’ என்று சீட்டில் எழுதிவிடுவது நல்லது. ஓடும் நேரம் முழுவதும் ஓடித்தான் ஆகவேண்டும் என்பதால் ஒரு கட்டு கேசட்டுக்கு ஒரு வாரமாவது ஆகும். வேலை முடிந்ததும் பெரிய ஸ்பீக்கரில் உரக்க ஓட்டிக் காட்டும் பழக்கம் அவருக்கு உண்டு. மனைவியுடன் போகிறவர்கள் ஹெட்போன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.