டிரைஎத்திலமீனோடு 9 வருடம்

வார்ப்பாலையில் கோர் (வார்ப்புக்குள் வெற்றிடம் உண்டாக்க வைக்கும் மணல் உரு) செய்யும் பகுதியில் 9 வருடமாக டிரைஎத்திலமீன் என்ற அமீன் வகைத் திரவத்தைக் கையாள்கிறேன். பிசின் கலந்த மணலை கோர் பாக்ஸ் என்ற அச்சுப் பெட்டிக்குள் ஊதி, இந்தத் திரவத்தின் ஆவியைச் செலுத்தினால் சில நொடிகளில் கல்லாக இறுகிவிடும். சூடேற்றத் தேவையில்லை. வேலையில் அது இதுவரை குறை வைத்ததில்லை.

ஆனால் முதல் வருடம் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது, விளக்கைச் சுற்றி நீல வளையம் தெரிந்தது. எதிரே வந்தவரின் முகம் பனிக்குள் இருப்பதுபோல மங்கியிருந்தது. எரிச்சல் இல்லை, வலி இல்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்து வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். இன்று நினைத்தாலும் பதறுகிறது.

கலக்கம் இல்லை அது. அமீன் ஆவி பட்டால் கருவிழியின் மேற்படலத்தில் நீர் கோத்து வெளிச்சம் சிதறும். ஆவி இல்லாத இடத்துக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். எனக்கும் காலையில் தெளிந்துவிட்டது. மறுநாள் தேடியதில், கோர் பாக்ஸின் ரப்பர் சீல் ஓர் ஓரத்தில் நக அகலத்துக்குக் கிழிந்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் வழியே ஆவி கசிந்திருக்கிறது. அழுகிய மீன் வாடைதான் இதன் அடையாளம், ஆனால் அரை மணி நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். அதனால் மூக்கை நம்பி வேலை செய்யாதீர்கள்.

அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, காற்றில் இந்த ஆவிக்கு 8 மணி நேரச் சராசரியாக வைத்திருக்கும் வரம்பு 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு). தொழிலிடச் சுகாதார நிபுணர்களின் அமைப்பான ஏசிஜிஐஎச் பரிந்துரைப்பதோ 0.5 பிபிஎம். நான் இரண்டாவதைத்தான் மதிக்கிறேன், காரணம் என் கண்.

வெளியேறும் ஆவியை ஸ்க்ரப்பர் என்ற கழுவும் கருவியில் நீர்த்த கந்தக அமிலம் பிடித்துக்கொள்ளும். அமிலம் தீர்ந்து பிஎச் ஏறினால் வாடை கூரை வழியே வெளியே போகும். அதனால் ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை பிஎச் அளக்கிறோம்.

டிரம் விஷயத்தில் அலட்சியமே கூடாது. உள்ளே இருக்கும் திரவம் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட 3 மடங்குக்கு மேல் கனமானது, தரையோடு ஊர்ந்து தொலைவிலுள்ள பொறியைத் தேடிப் போகும். எர்த்திங் கம்பி மாட்டாமல் நாங்கள் ஒரு லிட்டர்கூட மாற்றுவதில்லை. அமீன் அரித்துவிடும் என்பதால் பித்தளை வால்வு, செம்புக் குழாய் எதுவும் கிடையாது. திரவம் கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது வீட்டுக்குக் கிளம்பும் முன் வாசல் விளக்கை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம். வளையம் தெரிந்தால் வண்டிச் சாவியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, சீலைப் பார்க்கச் சொல்லி அடுத்த ஷிஃப்ட்காரரிடம் சொல்லிவிடுவோம்.