மேலாளரின் உள்ளுணர்வா, மதிப்பெண் தாளா?

இருபது வருட அனுபவமுள்ள மேலாளர் "எனக்கென்னவோ இது சரியாப் படலை" என்கிறார். எம்.பி.ஏ. முடித்து வந்த இளைஞர் எண்களைக் காட்டச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? அது எந்த வேலை என்பதைப் பொறுத்தது.

உள்ளுணர்வுக்காகப் பேச வலுவான ஆள் உளவியலாளர் கேரி கிளைன். அமெரிக்கத் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்தவர். ஒரு வீட்டின் சமையலறையில் தண்ணீர் அடித்தும் தீ அடங்கவில்லை. அனல் அளவுக்கு மீறி இருந்தது, சத்தமோ குறைவு. தலைவர் எல்லோரையும் வெளியேறச் சொன்னார். சற்று நேரத்தில் தரை இடிந்து விழுந்தது. தீ தரைக்குக் கீழே இருந்த நிலவறையில் எரிந்திருக்கிறது. பழகிய தீயின் போக்கு அங்கே பொருந்தவில்லை என்பதை அவர் மனம் காரணம் தெரியாமலே கண்டுகொண்டது.

எதிர்த்தரப்பு இன்னொரு உளவியலாளர், டேனியல் கானமன். 1950களில் இஸ்ரேல் ராணுவத்துக்கு ஆளெடுப்பு நேர்காணலை அவர் மாற்றியமைத்தார். ஆறு குணங்களைத் தனித்தனியே கேட்டு, ஒவ்வொன்றுக்கும் உடனே மதிப்பெண் போட வேண்டும். நேர்காணல் செய்தவர்களுக்குக் கோபம்: எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்றார்கள். சரி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு மனதில் தோன்றுவதற்கும் ஒரு மதிப்பெண் போடுங்கள் என்றார். பழைய முறையைவிட ஆறின் கூட்டுத்தொகை நன்றாகக் கணித்தது. வியப்பு என்னவென்றால், அந்தக் கண்மூடி மதிப்பெண்ணும் அதே அளவு நன்றாகக் கணித்தது! ஆறையும் ஒழுங்காகப் பார்த்த பிறகு வந்ததால்தான் அதற்கு அந்த மதிப்பு.

இந்த இருவரும் 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். சூழலில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்று திரும்பத் திரும்பத் தெரியவும் வேண்டும். இரண்டும் இருந்தால் உள்ளுணர்வை நம்பலாம் என்று ஒத்துப்போனார்கள்.

இதன்படி, இயந்திரச் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் ஷிஃப்ட் பொறுப்பாளரை நான் நம்புவேன். அவர் கணிப்பு தப்பினால் அன்றைக்கே தெரிந்துவிடும். "ஆளைப் பார்த்தாலே சொல்லிடுவேன்" என்னும் மேலாளரை, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், நம்ப மாட்டேன். அவர் வேண்டாமென்று அனுப்பியவர் வேறிடத்தில் எப்படி வேலை செய்தார் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆளெடுப்பில் மதிப்பெண் தாள்தான் முதலில், உள்ளுணர்வு கடைசியில்.

நாளைய மேலாளர்களின் நிலை வேறு. வகுப்பில் ஒரு நிறுவனத்தின் கதையை அலசி முடிவு சொல்வதால் அலசல் பழகும், உள்ளுணர்வு பழகாது. அந்த முடிவின் விளைவு எதுவும் அவர்களைத் தேடி வராது. வேலைக்குச் சேர்ந்ததும் ஒவ்வொரு கணிப்பையும் காரணத்தோடு எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கட்டும்.