ஒரே ஒரு தையல் போட முடியாத மெஷின்: நான்கரை ஆண்டு அனுபவம்

போன வியாழக்கிழமை காலை மெஷினின் சுவிட்சைப் போட்டதும், பெடலில் நான் கால் வைப்பதற்கு முன்பே அது தானாக முழு வேகத்தில் ஓடத் தொடங்கியது. ஊசிக்கடியில் விரல் இல்லை என்பது நல்ல காலம். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தின் கீழ் வைத்திருந்த சுங்குடிப் புடவையின் ஓரம் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குச் சுருண்டு தைபட்டுப்போனது. பழுது பார்ப்பவர் பெடலைக் கழற்றி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரையாக் என்ற சிறு மின்னணு உறுப்பு எரிந்து ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினார். அது ஒட்டிக்கொண்டால் மோட்டாருக்குக் கட்டுப்பாடே இல்லாமல் முழு மின்சாரமும் போய்விடுமாம். புதுப் பெடல் மாட்டி, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலையே நாத்தனார் மகள் போன் செய்து, "அத்தை, நீங்க வச்சிருக்கிற மெஷினையே நானும் வாங்கிடட்டுமா? இப்ப விலை குறைஞ்சிருக்கு" என்று கேட்டாள். ஆறு மாதத் தையல் வகுப்பை முடித்துவிட்டு, அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறாள். அவளுக்குப் போனில் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே முழுமையாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. மேசைமேல் வைத்துத் தைக்கும், 70 வாட் மோட்டார் கொண்ட, ஊசி இடமும் வலமுமாக அசைந்தும் தைக்கக்கூடிய வெள்ளை நிற ஜிக்ஜாக் மெஷின் என்றால் தைப்பவர்களுக்குப் புரிந்துவிடும். நான் சொல்லப்போகும் குறை இந்த வகைக்கே உரியது.

முதலில் என் பக்கத்துத் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய புதிதில் நான்கு மாதம், துணியின் அடிப்பக்கத்தில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து சிக்கிக்கொண்டே இருந்தது. சிக்கல் கீழே தெரிந்ததால் குற்றமும் கீழேதான் என்று நினைத்து, அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடான பாபின் கேஸின் திருகைத் திருப்பித் திருப்பி, ஒழுங்காக இருந்த அடிநூல் இறுக்கத்தையும் கெடுத்தேன். உண்மையில் கோளாறு மேல்நூலில் இருந்தது. பாதத்தைத் தூக்கிவைத்தால்தான் மேல்நூலை இறுக்கும் இரண்டு தட்டுகளும் விலகி நூலுக்கு வழிவிடும். பாதம் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், அது தட்டுகளுக்கு நடுவே போகாமல் மேலாகவே வழுக்கிச் சென்றுவிடும். இறுக்கம் இல்லாத மேல்நூல், பாபினைச் சுற்றிவந்த பிறகு மேலே இழுபடாமல் துணிக்கடியிலேயே தங்கிவிடுகிறது. கடையிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்த பையன் இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டினான். பாதத்தைத் தூக்கச் சொல்லவில்லை.

சின்னாளபட்டியில் அம்மாவின் கறுப்பு மெஷினில் பத்து வயதிலிருந்து தைத்தவள் நான். எனக்கே இது ஏன் தெரியாமல் போனது என்று பலநாள் வருந்தினேன். பிறகுதான் காரணம் விளங்கியது. அம்மாவின் மெஷினில் அந்தத் தட்டுகள் வெளியே, கண்ணெதிரே இருக்கும். நூலை நடுவில் இழுத்துவிட்டு, மாட்டிக்கொண்டதா என்று பார்த்துவிடலாம். இதில் அவை பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கின்றன. வெளியே தெரிவது எண் போட்ட ஒரு திருகு மட்டுமே. அதுபோலவே அங்கே ஊசிக்குப் பக்கவாட்டில் நூல் கோக்க வேண்டும்; இங்கே முன்னிருந்து பின்னாக. ஊசியின் தட்டைப் பக்கம் பின்புறம் பார்த்திருக்க வேண்டும் என்பதை அறியாமல் பழைய பழக்கத்தில் மாட்டி, தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று ஒரு வாரம் தவித்தேன். இவை இரண்டும் மெஷினின் குறைகள் அல்ல.

குறை சொல்லாமல் மனம் நிறைந்து பாராட்ட வேண்டியது அதன் கைப்பகுதி. அடியில் இருக்கும் சிறு பெட்டியை இழுத்துக் கழற்றிவிட்டால், ஊசிக்குக் கீழே மணிக்கட்டைவிடச் சற்றுப் பெரிய ஒரு நீட்டல் மட்டும் நிற்கிறது. ஜாக்கெட் கையையோ குழந்தையின் கால்சட்டையையோ அதில் வளையல்போல மாட்டிச் சுற்றிச் சுற்றித் தைத்துவிடலாம். அம்மாவின் தட்டை மேசையில், கையை மூடும் முன்பே ஓரம் மடித்து அடித்துவிட வேண்டும். தைத்து மூடிய கையைப் பிறகு குறைக்க வேண்டுமென்றால் பக்கத் தையலைப் பிரித்தாக வேண்டும். கடையில் வாங்கிய சுடிதாரின் கையைப் பிரிக்காமலேயே பத்து நிமிடத்தில் சிறிதாக்கிய அன்று, இந்த மெஷினுக்குக் கொடுத்த பணம் முழுவதும் திரும்பிவிட்டதாகவே உணர்ந்தேன். இன்றும் அந்த நீட்டலில் துணியை மாட்டும் ஒவ்வொரு முறையும் அதே மகிழ்ச்சி வருகிறது.

ஜிக்ஜாக்கும் அப்படித்தான். தையலின் நீளத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே குறைத்து, அகலத்தை இரண்டரையில் வைத்து, சுங்குடிப் புடவையின் ஓரத்தை மெல்லிதாக மடித்து அடித்தால், பிகோ கடைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளோரங்களில் நூல் பிரியாமல் அடிப்பதற்கு ஓவர்லாக் அளவுக்கு நேர்த்தி வராது. ஆனால் நான்கு ஆண்டு துவைப்பில் எதுவும் பிரியவில்லை.

இப்போது அந்த ஒரு குறைக்கு வருகிறேன். இந்த மெஷினால் ஒரே ஒரு தையல் போட முடியாது.

தைக்காதவர்களுக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஜாக்கெட்டின் மார்பு டாட்டை, அதாவது உடல் வடிவத்துக்காகக் கூராக முடியும்படி தைக்கும் மடிப்பை, அடிக்கும்போது, தையல் மெல்ல மெல்லத் துணியின் மடிப்போரத்தை நெருங்கி, கடைசி மூன்று நான்கு தையல்கள் ஓரத்து இழையின் மேலேயே விழுந்து முடிய வேண்டும். ஒரு தையல் முன்னால் நின்றால் முனையில் குமிழ் விழும். ஒன்று கூடினால் சுருக்கம் விழும். சதுரக் கழுத்தின் மூலையில் ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்ப வேண்டும். பானைக் கழுத்தின் வளைவில் இரண்டு தையல், சற்றுத் திருப்பல், மறுபடி இரண்டு தையல் என்றுதான் போக முடியும். ஆக, ஜாக்கெட் தைப்பதில் பாதி வேலை மெதுவாகப் போவதும் சரியான இடத்தில் நிற்பதும்தான். இந்த மெஷினின் பெடலை மெல்ல அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது. இன்னும் சற்று அழுத்தினால் ம்ம்ம் என்ற முனகல் மட்டும் கேட்கும். இன்னும் ஒரு நூலளவு அழுத்தினால் பாய்ந்து ஓடும். முழு வேகத்தில் இது நிமிடத்திற்கு ஏறக்குறைய 800 தையல் போடும். இரண்டரை மில்லிமீட்டர் தையலில் அது நொடிக்கு மூன்று சென்டிமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் பாதியை எட்டினாலும், காலை எடுக்க அரை நொடி தாமதித்தால் டாட் முனை எங்கேயோ போய்விடும்.

‘வாயில்’ எனப்படும் மெல்லிய பருத்தித் துணியிலாவது பழகிக்கொள்ளலாம். அக்குளில் கை வந்து சேரும் இடம்தான் என்னை ஒவ்வொரு முறையும் கோபப்படுத்துகிறது. மேல்துணி, லைனிங், பக்கத் தையலின் மடிப்பு, கையின் மடிப்பு என்று மெல்லிய ரூபியாத் துணியானாலும் எட்டு மடிப்புக்குக் குறையாமல் அங்கே சேர்கிறது. மெஷின் அந்த இடத்திற்கு வந்ததும் நின்றுவிடும். மேலும் அழுத்தினால் முனகும். மேலும் அழுத்தினால் ஊசி மடிப்பைத் துளைத்து வெளியேறிய மறுகணமே சுமை நீங்கி, கட்டவிழ்ந்த கன்றுபோல் துள்ளி ஓடும். 14 எண் ஊசிகள் எத்தனை இப்படி முறிந்தன என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

இதற்குக் காரணத்தைப் பழுது பார்ப்பவர் சொன்னதையும் நானாகப் படித்ததையும் சேர்த்துப் புரிந்துகொண்டேன். மிக்சியில் இருப்பது போன்ற மோட்டார்தான் இதிலும் இருக்கிறது. சுமை குறைந்தால் இதன் வேகம் தானாக ஏறும். சுமை கூடினால் இறங்கும். பெடல் செய்வதெல்லாம் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிக் குறைப்பது மட்டுமே. ஊசி இப்போது எந்த வேகத்தில் போகிறது என்பதை அது அறியாது. மெதுவாகப் போக வேண்டுமென்று மின்சாரத்தைக் குறைத்தால், கூடவே மடிப்பைத் துளைக்கும் விசையும் குறைந்துபோகிறது. வேகத்தைக் கண்காணித்து, அதற்கேற்ப விசையைக் கூட்டித் தரும் மின்னணு மெஷின்கள் உண்டு. அவை இதைவிட விலை கூடியவை.

அம்மாவின் மெஷினில் இந்தப் பேச்சே இல்லை. கீழே பெரிய இரும்புச் சக்கரம், அதிலிருந்து மேலே போகும் தோல் பெல்ட், மிதிபலகையில் இரண்டு பாதங்கள். மடிப்பு வரும்போது காலுக்கே கனம் தெரியும். கால் தானாகவே கூடுதலாக அழுத்தும். ஊசி துளைத்து வெளியேறும் கணத்தையும் அதே கால் உணர்ந்து தளரும். டாட் முனை வந்தால் அம்மா வலது உள்ளங்கையை மேலே இருக்கும் சக்கரத்தின்மேல் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி நிறுத்துவார். 1924இல் தில்லியில் ஜி. ராமச்சந்திரன் காந்தியைப் பார்த்து, எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் இயந்திரத்தைத்தான். அந்த ராமச்சந்திரனும் அவர் மனைவி சௌந்தரம் அம்மையாரும்தான் 1947இல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள் என்பதால், இந்தச் செய்தியைச் சிறுவயதிலிருந்து பெருமையோடு கேட்டு வளர்ந்தேன். அந்தக் காலத்து வீட்டு மெஷினின் விசை பெரும்பாலும் தைப்பவரின் காலிலோ கையிலோதான் இருந்தது. அம்மாவின் அருகில் உட்கார்ந்து பார்த்ததை நினைக்கும்போதெல்லாம் அந்த விதிவிலக்கு எனக்கு முழுமையாகப் புரிகிறது.

நான்கரை ஆண்டுகளில் நான் கண்டுபிடித்த வழிகளைச் சொல்கிறேன். தடித்த இடத்துக்கு ஒரு விரற்கடை முன்பே காலை எடுத்துவிட்டு, கைச்சக்கரத்தை என் பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு தையலாகக் கடக்கிறேன். எதிர்ப்பக்கம் திருப்பினால் நூல் சிக்கும். மடிப்பை முன்னதாகவே சிறு சுத்தியலால் தட்டிவிடுவது பெரிய உதவி. பாதம் மேட்டில் ஏறிச் சாயும்போது, அதன் பின்பகுதிக்குக் கீழே அதே உயரத்துக்கு மடித்த அட்டைத் துண்டை வைத்தால் பாதம் சமமாகி, துணி நகரத் தொடங்கும். அந்த இடத்துக்கு மட்டும் 16 எண் ஊசி மாற்றுகிறேன். முனகும்போது பெடலை அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. சுழலாத மோட்டார் சூடாகிவிடும். இவை எல்லாம் பயன் தருகின்றன. ஆனால் ஒரு ஜாக்கெட்டுக்கு எத்தனை முறை கை சக்கரத்துக்குப் போகிறது என்று பார்த்தால், மின்சார மெஷின் வாங்கியதன் பொருள் என்ன என்ற கேள்வி எழாமல் இல்லை.

புதுப் பெடலில் மாற்றம் உண்டா என்று ஆவலோடு பார்த்தேன். மெல்லிய துணியில் உண்மையாகவே இது முன்னதைவிட அமைதியாகத் தொடங்குகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சனிக்கிழமை ஒரு லைனிங் ஜாக்கெட்டை எடுத்து அக்குளுக்கு வந்தேன். நின்றது, முனகியது, துள்ளியது. ஊசி முறிந்தது.

பராமரிப்பில் இது தொல்லை தராத மெஷின். சுங்குடிப் பருத்தியில் பஞ்சு நிறைய உதிரும். பாபின் கேஸை எடுத்துவிட்டு, இரண்டு பிடிகளைத் திறந்து, பிறை வடிவக் கொக்கியை வெளியே எடுத்து, தூரிகையால் துடைத்து, மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி விடுவேன். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது, பிசினாகிவிடும். பெடலைத் தவிர இத்தனை ஆண்டுகளில் வேறெதுவும் கெடவில்லை.

இவ்வளவு பாராட்டியபின் நாத்தனார் மகளுக்கு நான் சொன்ன பதில், வேண்டாம் என்பதே. வீட்டுத் துணி, புடவை ஓரம், சின்னச் சின்னத் திருத்தம் என்றால் நானே கூட வந்து வாங்கிக் கொடுத்திருப்பேன். அவள் காசு வாங்கிக்கொண்டு ஜாக்கெட் தைக்கப்போகிறாள். கை இன்னும் பழகாத நேரத்தில், டாட் முனை தவறும்போதெல்லாம் தனக்குத் தைக்க வரவில்லை என்றுதான் அவள் நினைப்பாள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. இரும்பு ஸ்டாண்டோடு கால் மெஷின் வாங்கட்டும். ஜிக்ஜாக் வேண்டிய நாளில் என் வீட்டுக்கு வரட்டும்.

"வீட்டுல இடமில்லையே அத்தை" என்றாள். அப்படியானால் பணம் கட்டும் முன் ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். கடையில் தைத்துக் காட்டும் காடாத் துண்டை ஒதுக்கிவிட்டு, லைனிங் வைத்த பழைய ஜாக்கெட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அக்குள் மடிப்பின் நடுவில் ஊசியை இறக்கி நிறுத்தி, அங்கிருந்து பெடலை மட்டுமே பயன்படுத்தி மூன்றே மூன்று தையல் போட்டு நிறுத்திப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகிறாள். நானும் உடன் போகிறேன்.