குன்னூர் ஈரத்தில் ஆறு ஆண்டுகள்: ஓர் ஈட்டி மரக் கிட்டார்

2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் 14,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டாக வாங்கிய அக்கூஸ்டிக் கிட்டாரை, மணிக்கட்டு வலி காரணமாக இப்போது விற்கிறேன். வாங்குபவர் அதன் குறைகளையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

முன்பலகை ஸ்ப்ரூஸ் மரம்; முதுகும் பக்கங்களும் ஈட்டி, அதாவது தோதகத்தி. முழு மரம் என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். ஒரு மாதம் கழித்துக் கம்பி மாற்றும்போது டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். முதுகின் வெளிப்புறத்தில் வளைந்தோடும் கருஞ்சிவப்பு ரேகையை உட்புறத்தில் காணோம். அங்கே ஓடுவது வேறு ரேகை. மெல்லிய ஈட்டித் தகடு ஒட்டிய அடுக்குப்பலகை அது.

அந்தக் கோபத்தை ஆற்றியது குன்னூர் மழைதான். கிட்டாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. ஆனால், இரண்டு பருவமழையும் எட்டும் இவ்வூரில், நவம்பரில் என் அறையின் ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) 80-க்குக் கீழே இறங்குவது அரிது. அடுக்குகளின் ரேகைகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்திருப்பதால் முதுகு அசையவே இல்லை. முழுமரமான ஸ்ப்ரூஸ் பலகையோ ஈரத்தை உறிஞ்சி, கம்பிகளைப் பலகையோடு பிணைக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் புடைத்துக்கொண்டது. 12-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) 2.5 மில்லிமீட்டராக இருந்த கம்பி உயரம் 4-ஐ நெருங்கியதால், ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்த வேண்டிய எஃப் கார்டு பிடிப்பதே தண்டனையாயிற்று. இதற்குக் கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருகிப் பயனில்லை. அது கழுத்தின் வளைவை மட்டுமே சரிசெய்யும். பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடிலைச் சற்றுத் தேய்த்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை வைத்த பிறகே நிலைமை சீரானது. பைகளிலுள்ள நீல மணிகள் ஈரமேறி ரோஜா நிறமானதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகிவிடும். (வீட்டில் அந்த வாணலியை வேறு எதற்கும் தொட விடுவதில்லை.)

2022-இல் பிரிட்ஜின் பின்விளிம்பு ஒரு தாள் நுழையும் அளவுக்குத் தூக்கியது. கழற்றி மறுபடி ஒட்டியதன் பசைக்கோடு இன்றும் தெரிகிறது, அதன்பின் விலகவில்லை. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் தேய்மானம் உண்டு. கீழ்ச்சுரங்களின் கனம் மட்டும் குறையவில்லை.

வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2017 ஜனவரியில் ஈட்டிக்கு வந்த சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் ஒப்பந்தம்) கட்டுப்பாட்டிலிருந்து, முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது.

விலை 9,000 ரூபாய். பெட்டியும் சிலிக்கா பைகளும் அதில் அடக்கம். அடுக்குப்பலகை என்று சொல்லியே விற்கிறேன்.