கோத்தகிரியில் படித்த ஸ்கேன் ரிப்போர்ட்

எட்டு ஆண்டுகளாக இங்கிலாந்தில் இருக்கிறேன். பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு எனக்கு உண்டு. இந்த முறை மூன்று வார விடுப்பில் கோத்தகிரிக்கு வந்தபோது, மாதவிடாய் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அங்கே ஸ்கேனுக்குத் தேதி கிடைக்க இன்னும் ஆறு வாரம். "இங்கேயே பார்த்துவிடலாம்" என்றார் சித்தி. மறுநாள் காலையே குன்னூர் பஸ் ஏறினோம்.

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அது குடலை ஒதுக்கினால்தான் சினைப்பை தெரியும். அதற்காக வீட்டிலேயே ஒரு லிட்டர் குடித்துவிட்டு, குளிரில் அந்த வளைவுகளில் பயணம் செய்யாதீர்கள். போய்ச் சேர்ந்தபின் குடித்தால் போதும்.

அரை மணியில் ரிப்போர்ட் வந்தது. வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், "ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று பத்துப் பேர் காதில் விழும்படி கவுன்டரில் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கல்யாணம் இதற்கு மருந்தே அல்ல. திரும்பும் வழியெல்லாம் சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மாலை கோத்தகிரியில் பார்த்த டாக்டர் அம்மா, படத்தை விளக்கொளியில் பிடித்துப் பேனா முனையால் காட்டினார். கருகமணி கோத்ததுபோல் சினைப்பையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்கள். "இவை கட்டியே இல்லை அம்மா. கருமுட்டை வளரும் பைகள். முழுதாக வளராமல் பாதியில் நின்றிருக்கின்றன. அறுவை சிகிச்சை ஒன்றும் வேண்டாம்" என்றார். சித்தி படத்தை வாங்கி இன்னொரு முறை பார்த்தார்.

வலது சினைப்பையின் அளவு 12 மில்லிலிட்டர், இடது 11. பத்தைத் தாண்டினால் பெரிது என்று கணக்காம். ஆனால் ஸ்கேனை மட்டும் வைத்து பி.சி.ஓ.எஸ். என்று சொல்லிவிட முடியாது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது 2003-இல் ரோட்டர்டாமில் வகுத்த அளவுகோல். தைராய்டு கோளாறோ, பால் சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோன் கோளாறோ இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். இந்த நோய் எனக்கு இருப்பதாக மூன்று வருடமாகத் தெரியும். எதனால் அப்படிச் சொல்கிறார்கள் என்று அன்றுதான் விளங்கியது.

இதற்காகத் தந்த மெட்ஃபார்மின் மாத்திரையை நான் விட்டு விட்டுத்தான் சாப்பிட்டு வந்தேன், குமட்டல் தாங்காமல். வெறும் வயிற்றில் போட்டதுதான் பிழை. சாப்பாட்டோடு போடச் சொன்னார். மெதுவாகக் கரையும் வகைக்கும் மாற்றிக் கொடுத்தார். இன்சுலின் மிகுந்தால் சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். அந்த இன்சுலினைத் தணிக்கவே இந்த மாத்திரை. நெடுநாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம் என்பதால் அதற்கும் ரத்தம் எடுத்தார்கள்.

மாதவிடாய் மாதக்கணக்கில் வராவிட்டால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். அதை அப்படியே விடக் கூடாது என்றார். கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்தபின் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை பத்து நாளைக்கு எழுதினார். அதை நிறுத்திய நான்காம் நாள், மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில், மாதவிடாய் வந்தது. பக்கத்தில் இருந்த சித்தியின் காதில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.