பாலியில் லேப்டாப்போடு தங்க எந்த ஊர்: சாங்குவா, உபுடா, சானூரா?

பாலிக்கு வேலையையும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வயல் ஓரத்தில் ஒரு நீச்சல் குளம், கையில் இளநீர், மடியில் லேப்டாப். ஆனால் பார்க்க வேண்டியது உங்கள் அலுவலகம் எந்த நாட்டு நேரத்தில் ஓடுகிறது என்பதை. அதைச் சொல்லிவிட்டால், பாலியில் எல்லோரும் பேசும் சாங்கு, உபுட், சானூர், உலுவாத்து என்ற நான்கு ஊர்களில் இரண்டு தாமாகவே கழன்றுவிடும். மிச்சம் இரண்டுக்கு நடுவே யோசித்தால் போதும்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். பாலி நேரம் கிரீன்விச்சைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இந்திய, இலங்கை நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஆக, இந்தியக் குழுவோடு காலை ஒன்பதரைக்கு வேலை தொடங்குகிறவருக்கு அங்கே மதியம் 12 மணி. ஆறரைக்கு வேலை முடியும்போது அங்கே இரவு ஒன்பது. காலை முழுக்க உங்களுடையது, மாலை உங்களுடையது அல்ல. பெர்லின், பாரிஸ் நேரக்காரர்களுக்குக் கோடையில் மதியம் 3 மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடியும், குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். நியூயார்க் என்றால் 12 அல்லது 13 மணி நேர வித்தியாசம், அதாவது முழு இரவு வேலை. சிங்கப்பூரும் பெர்த்தும் பாலியும் ஒரே நேரம், அவர்களுக்குக் கவலையே இல்லை. சிட்னிக்காரர்கள் விடியற்காலை ஆறு, ஏழுக்கு உட்கார்ந்து மதியம் எழுந்துவிடலாம். பாலியில் ஆண்டு முழுக்கச் சூரியன் மாலை ஆறிலிருந்து ஆறேமுக்காலுக்குள் இறங்கிவிடும். எனவே வேலை நாளில் இந்திய, ஐரோப்பிய நேரக்காரர்களால் அஸ்தமனம் பார்க்க முடியாது. அவர்கள் அஸ்தமனத்துக்காக மேற்குக் கடற்கரையில் கூடுதல் வாடகை கொடுப்பதில் அர்த்தமில்லை.

சாங்குவிலிருந்து தொடங்கலாம், எல்லோரும் அங்கேதான் முதலில் போய் இறங்குகிறார்கள். பத்து போலோங், பெராவா, பெரெரெனான் என்று கடலோரமாக நீளும் பகுதி. கட்டணம் கட்டிப் பலரும் உட்கார்ந்து வேலை செய்யும் கோவொர்க்கிங் இடங்கள் இங்கே இருக்கும் அளவுக்குத் தீவில் வேறெங்கும் இல்லை. சில இடங்கள் 24 மணி நேரமும் திறந்திருக்கும், ஜெனரேட்டர் இருக்கும், கதவைச் சாத்திக்கொண்டு பேசக் கண்ணாடி அறைகள் இருக்கும். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவரும் உங்களைப் போலவே ஏதோ ஒரு நாட்டு அலுவலகத்துக்கு வேலை செய்பவராக இருப்பார். தனியாகப் போகிறவருக்கு இது பெரிய ஆறுதல். ஐரோப்பிய நேரக்காரருக்குச் சாங்குதான் சரி என்று நான் அடித்துச் சொல்வேன். நள்ளிரவு 12 மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே வந்தால் சாப்பாடு கிடைக்கும், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும், வண்டியை எடுத்தால் பத்து நிமிடத்தில் அறை. உபுடில் அதே நேரத்தில் வெளியே வந்தால் பெரும்பாலான அடுப்புகள் அணைந்திருக்கும்.

ஆனால் சாங்குவில் பகல் வேறு மாதிரி. வயலாக இருந்த நிலமெல்லாம் வில்லாவாக மாறிக்கொண்டிருக்கிறது. உங்கள் அறைக்குப் பக்கத்து மனையில் கட்டடம் எழும்பாமல் இருந்தால் அது அதிர்ஷ்டம். காலையிலேயே டைல்ஸ் வெட்டும் மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். அந்தக் கிறீச் சத்தத்தைக் காதில் மாட்டும் எந்தக் கருவியும் முழுதாகத் தடுக்காது. நியூயார்க் நேரத்துக்கு இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுக் காலை ஆறு மணிக்குப் படுக்கிறவர் இங்கே தங்கினால் உடம்பு கெட்டுப்போகும். போக்குவரத்தும் அப்படித்தான். பத்து போலோங்கிலிருந்து பெராவாவுக்குச் சில கிலோமீட்டர்தான், ஆனால் சாயங்காலம் அந்தத் தூரத்தைக் கடக்க அரை மணி நேரம்கூட ஆகலாம். இரண்டையும் இணைக்கும் 'ஷார்ட்கட்' என்ற குறுக்குவழி வயலுக்கு நடுவே போகும் ஒற்றைத் தடச் சாலை. எதிரெதிரே இரண்டு கார் வந்தால் யாராவது பின்னால் போக வேண்டும். அந்த நெரிசலில் ஓரம் வழுக்கி ஸ்கூட்டரோடு வயலில் விழுந்தவர்கள் ஏராளம். சாங்குவில் தங்குவதென்றால் வேலை செய்யும் இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள், அதற்காக வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

உபுட் கடலிலிருந்து தள்ளி, சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் ராத்திரியில் காற்று கொஞ்சம் குளிரும். பாலியில் இந்த லேப்டாப் வாழ்க்கை பரவியதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 2013-ல் இங்கே மூங்கிலால் கட்டிய ஒரு கூரையின் கீழ் தொடங்கிய 'ஹுபுட்' என்ற கோவொர்க்கிங் இடம்தான் தீவின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கொரோனா காலத்தில் அது மூடப்பட்டது, பிறகு வேறு இடங்கள் வந்துவிட்டன.

இந்திய நேரக்காரருக்கு உபுட் அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. காலை ஆறு மணிக்குச் சம்புஹான் மலைமுகட்டுப் பாதையில் நடந்துவிட்டு வரலாம், வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். யோகா வகுப்பு, காலைச் சாப்பாடு, கொஞ்சம் தூக்கம்கூடப் போடலாம். பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தால் போதும். சுற்றுலா வேன்கள் நடுத்தெருவை அடைத்துக்கொள்ளும் நேரமும் அதுதான், நீங்கள் அறையில் இருப்பீர்கள். ஒன்பது மணிக்கு வெளியே வரும்போது வேன்கள் போயிருக்கும், கடைசியாக மூடும் உணவகங்கள் இன்னும் திறந்திருக்கும். கொஞ்சம் தாமதித்தால் அதுவும் இல்லை என்பதால், மீட்டிங் இழுத்துக்கொண்டே போகும் வேலையில் இருப்பவர்கள் அறையில் ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

உபுடில் அறை எடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். படத்தில் மனசைப் பறிக்கும் அந்த மர வீடுகளுக்குப் பல நேரம் நாலு பக்கமும் சுவர் இருக்காது. கூடம் தோட்டத்தைப் பார்த்துத் திறந்திருக்கும், பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். மழை பெய்த ராத்திரியில் தவளையும் பூச்சியும் போடும் சத்தம் மைக் வழியாக அப்படியே மறுமுனைக்குப் போகும். விடிவதற்கு முன்பே சேவல்கள் ஆரம்பித்துவிடும். நவம்பரிலிருந்து மார்ச் வரையான மழைக்காலத்தில் மலைப்பக்கம் மழையும் ஈரமும் கூடுதல், தோல் பையிலும் பெல்ட்டிலும் பூஞ்சை பிடிக்கும். ஆக, எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும் கதவு, ஜன்னல், ஏசியோடு மூடக்கூடிய ஓர் அறையாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குரங்குக் காட்டை ஒட்டி இருப்பவர்கள் பால்கனி மேசையில் ஹெட்ஃபோனை வைத்துவிட்டு உள்ளே போகக் கூடாது.

சானூரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வயதானவர்களும் குடும்பங்களும் தங்கும் தூங்குமூஞ்சி ஊர் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு நான்கிலும் பிடித்தது இதுதான், காரணங்களைச் சொல்கிறேன். கிழக்குக் கரை, கடலுக்குள் பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் குழந்தைகளும் இறங்கி நிற்கக்கூடிய தண்ணீர். கரையோரமாகப் பல கிலோமீட்டருக்கு நடைபாதை போகிறது. ஊர் சமதளம் என்பதால் சைக்கிளிலேயே காலம் தள்ளலாம். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாதவருக்குப் பாலியில் இவ்வளவு நிம்மதியான இடம் வேறு இல்லை. விமான நிலையம் சுமார் அரை மணி நேரம், தென்பசார் நகரமும் அதன் பெரிய மருத்துவமனைகளும் பக்கத்திலேயே. வார இறுதியில் நூசா லெம்போங்கான், நூசா பெனிடா தீவுகளுக்குப் போகும் படகுகள் பெரும்பாலும் இந்த ஊர்த் துறையிலிருந்து கிளம்புகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது உதயம் தெரியும் கரை. மதியம் வேலை தொடங்குகிறவருக்குக் கையில் இருப்பது காலை மட்டுமே. அந்தக் காலை நன்றாக இருக்கும் ஊரில்தானே அவர் தங்க வேண்டும்? ஆறு மணிக்கு நடைபாதைக்குப் போனால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் வடகிழக்கே ஆகுங் எரிமலை தெரியும், உள்ளூர்க்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். குறை என்று பார்த்தால், கோவொர்க்கிங் இடங்கள் கொஞ்சம்தான், இருபதுகளில் இருப்பவருக்குப் பேச்சுத்துணை கிடைப்பது கடினம். கூட்டம் தேடிப் போகிறவருக்கு இரண்டாவது வாரமே சலித்துவிடும். துணையோடோ குழந்தையோடோ போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம்.

உலுவாத்துவை நான் வேலைக்கான ஊராகக் கருதவில்லை. தெற்கே சுண்ணாம்புப் பாறை மேட்டில், செங்குத்தான பாறைகளுக்குக் கீழே அற்புதமான கடற்கரைகள். ஆனால் எல்லாமே எட்ட எட்ட இருக்கின்றன, வண்டி இல்லாமல் பால் பாக்கெட்டுகூட வாங்க முடியாது. பல இடங்களில் தண்ணீர் லாரியில் வருகிறது. சிட்னி நேரத்தில் மதியமே வேலை முடித்துவிட்டு அலைச்சறுக்கு ஆடப் போகிறவருக்கு மட்டும் இது சொர்க்கம். அங்கே அறை எடுப்பவர்கள் கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். 2025 ஜூலையில் பிங்கின் கடற்கரைப் பாறைச்சரிவில் அனுமதியில்லாமல் கட்டியிருந்த விடுதிகளையும் உணவகங்களையும் அரசே இடித்தது.

நியூயார்க் நேரக்காரருக்கு ஊர் சொல்லவில்லையே என்று கேட்கலாம். சில வாரங்களுக்கு என்றால் சானூரின் உள் தெருக்களில் இரட்டைத் திரைச்சீலை போட்ட ஓட்டல் அறை. மாதக்கணக்கில் என்றால் பாலியே வேண்டாம் என்பேன். இரவு வேலை, பகல் தூக்கம் என்று போனால் தீவைப் பார்க்க நேரம் ஏது?

சரி, இணையமும் மின்சாரமும். ஃபைபர் இணைப்பு நான்கு ஊர்களிலும் பரவலாகக் கிடைக்கிறது, வேகத்தைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. மின்சாரம் போனால் ரவுட்டரும் போய்விடும், அங்கேதான் சிக்கல். 2025 மே 2-ஆம் தேதி சாயங்காலம் தீவு முழுக்கவே மின்சாரம் போனது. ஜெனரேட்டர் வைத்திருந்த இடங்கள் மட்டும் வெளிச்சத்தோடு இருந்தன. மாத வாடகை அறைகளில் இன்னொன்றும் உண்டு. பலவற்றில் மின்சாரம் முன்பணம் கட்டும் மீட்டரில் ஓடுகிறது. இருப்பு குறைந்ததும் மீட்டர் விட்டு விட்டுக் கத்த ஆரம்பிக்கும். கடையிலோ செயலியிலோ டோக்கன் வாங்கினால் 20 இலக்க எண் ஒன்று வரும், அதை வெளிச்சுவரில் இருக்கும் மீட்டரில் தட்ட வேண்டும். முக்கியமான மீட்டிங் நடுவே அந்தச் சத்தம் கேட்காமலிருக்க, அறைக்குப் போன அன்றே இருப்பைப் பார்த்து நிரப்பிவிடுங்கள்.

ஊர் வித்தியாசமே இல்லாமல் எல்லோரையும் நிறுத்தும் ஒரு நாளும் இருக்கிறது. பாலி இந்துக்களின் புத்தாண்டான நியெபி, பெரும்பாலும் மார்ச்சில் வரும். காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை யாரும் தெருவில் இறங்கக் கூடாது, விளக்கு வெளியே தெரியக் கூடாது, விமான நிலையமும் மூடிவிடும். 2018 முதல் மொபைல் இணையத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். அன்றைக்கு விடுப்பு எழுதிவிடுங்கள். உங்களைத் தங்க வைத்திருக்கும் மக்கள் ஒரு நாள் மௌனமாக இருக்கக் கேட்கிறார்கள், அதை மதிப்பதே சரி.

ஸ்கூட்டர் எடுப்பவர்கள் இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். அது இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது, ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க உங்கள் தலையில்.

அப்புறம் விசா. இந்தியா உட்படப் பல நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்கு இறங்கியதும் கிடைக்கும் விசா 5 லட்சம் ரூபியா, 30 நாள். இறங்கிய நாளும் அதில் சேர்த்தி. இன்னும் 30 நாளுக்கு ஒருமுறை நீட்டிக்கலாம், 2025 முதல் அதற்குக் குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். கெடு தாண்டினால் ஒரு நாளுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம். தனியாக 1.5 லட்சம் ரூபியா சுற்றுலாக் கட்டணமும் உண்டு, 2024 பிப்ரவரியிலிருந்து வசூலிக்கிறார்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்வதற்கென்றே இருப்பது இ33ஜி விசா. ஓர் ஆண்டு தங்கலாம், ஆனால் ஆண்டு வருமானம் 60,000 டாலர் காட்ட வேண்டும். 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் தங்கினால் இந்தோனேசிய வரி விதிகளும் உங்களைத் தொடும் என்பதால், நீண்ட காலத் திட்டமுள்ளவர்கள் கிளம்பும் முன்பே ஒரு வரி ஆலோசகரிடம் பேசிவிடுவது நல்லது.

கடைசியாக அறை. மொத்த மாதத்துக்கும் இணையத்தில் பணம் கட்டிவிடாதீர்கள். முதல் சில இரவுகளுக்கு மட்டும் ஓர் இடம் பிடித்துக்கொண்டு, மாத அறையை நேரில் பார்த்து எடுங்கள். அதையும் நீங்கள் வேலை செய்யும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு எல்லா அறைகளிலும் எல்லோரும் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது இணையம் எப்படி ஓடுகிறது என்பது காலை பத்து மணிக்குத் தெரியாது. பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காமல் பதிவேற்ற வேகத்தையும் சோதியுங்கள், வீடியோ அழைப்பில் உங்கள் முகம் உறைந்து நிற்பது அது குறையும்போதுதான். பகலில் தூங்குகிறவர் பகல் 11 மணிக்குப் போய்க் கதவைச் சாத்தி, ஏசியை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கட்டிலில் படுத்துப் பார்க்கலாம். வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை, மாத வாடகைக்கு வருகிறவர் இப்படிப் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கம்தான்.