யாழ்ப்பாண நகரின் பழைய படங்களைத் தேடுவோருக்கு: நூலகம், ஆவணகம் இணையத்தளங்கள்

யாழ்ப்பாண நகரின் பழைய முகத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற மின்னூலகத்தையும், ஒளிப்படங்கள், ஒலிப்பதிவுகள், ஓலைச்சுவடிகள் முதலியவற்றுக்கென அதே நிறுவனம் நடத்தும் ஆவணகத்தையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. 1981இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் நெருப்புக்குக் கொடுத்த நகரம் இது. 1995 அக்டோபர் இறுதியில் போரினால் நகரை உள்ளடக்கிய வலிகாமப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் அலுமாரிகளிலேயே விடப்பட்டன. எஞ்சியவற்றைத் தேடிச் சேர்ப்பதன் அருமை இந்தப் பின்னணியில்தான் விளங்கும்.

படம் பார்க்க வருபவர் இயல்பாக ஆவணகத்துக்கே செல்வார். நான் நூலகத்தின் நினைவு மலர்ப் பகுதியை முதலில் திறக்கச் சொல்வேன். ஊரில் கல்வெட்டு என்று வழங்கும் இம்மலர்களை, ஒருவர் மறைந்த 31ஆம் நாளையொட்டிக் குடும்பத்தினர் அச்சிட்டு உறவினருக்குக் கொடுப்பது வழக்கம். முகப்பில் அமரரின் படம், அடுத்து இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, தேவார திருவாசகங்கள், வாழ்க்கை வரலாறு, இறுதியில் வம்சாவளி என்று பெரும்பாலானவை ஒரே ஒழுங்கில் அமைந்திருக்கும். புகழுரைகளைப் பொறுமையோடு கடந்துவிட்டால், மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர், நகரில் கடை நடத்தியவர், ஒரே பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவர் எனப் பலரது வாழ்க்கை வழியாக நகரமே விரியத் தொடங்கும். தனியே கிடைக்கும் பழைய படத்தில் நிற்பவர் யார், எந்தத் தெருக்காரர் என்று பல வேளைகளில் தெரியாது. மலரில் வரும் படத்துக்கோ ஆளும் ஊரும் உறவுமுறையும் கூடவே கிடைத்துவிடுகின்றன. என் மதிப்பீட்டில் இத்தொகுப்பின் உண்மையான பலம் இதுவே.

குறைகளும் உண்டு. மலிவான தாளில் அச்சான படத்தை ஸ்கான் செய்து பெரிதாக்கினால் முகங்கள் கரும்புள்ளிகளாகச் சிதறிவிடுகின்றன. மூலப்படம் இல்லாத இடத்தில் இதற்கு மாற்றுவழி இல்லை. அதைவிடப் பெரிய குறை, மலர் அச்சிடும் வசதி எல்லா வீடுகளுக்கும் இருந்ததில்லை என்பது. படித்த, காணியும் சாதியும் உள்ள குடும்பங்களின் யாழ்ப்பாணமே இப்பக்கங்களில் மிகுதியாகத் தெரிகிறது. (வம்சாவளிகளை நம்பி ஊரின் முழு வரலாற்றையும் எழுதிவிட முடியாது.)

பயன்பாடு எளிது. ஒவ்வொரு வெளியீட்டின் பக்கத்திலும் நூலக எண், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவை தரப்பட்டு, ‘வாசிக்க’ என்ற தலைப்பின் கீழ் கோப்புக்கான இணைப்பு இருக்கும். ஆட்களின் பெயரை வெவ்வேறு எழுத்துக்கூட்டில் தேடிப் பார்ப்பது நல்லது. நினைவு மலர்களுக்கு அடுத்ததாகப் பாடசாலைகளின் ஆண்டு மலர்களைப் பாருங்கள். குழுப்படங்களின் கீழே வரிசைப்படி பெயர்களை அச்சிடும் நல்ல வழக்கம் அவற்றில் உண்டு.